விதி பதினேழும் இடதுபக்கக் கதவும்

விதி பதினேழு: "நிகழ்ச்சி நடந்துகொண்டிருக்கும்போது, மேடைக்குச் செல்லும் இடதுபக்கக் கதவு வழியாகப் பார்வையாளர் எவரையும் எக்காரணம் கொண்டும் அனுமதிக்கக் கூடாது. மீறல் நேர்ந்தால், அரங்கப் பொறுப்பாளர் மூன்று வேலை நாள்களுக்குள் அரங்கக் குழுவுக்கு எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டும்."

நல்ல விதி. எழுதியவன் நான். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் கையில் இந்நேரம் விதிப்புத்தகத்தைக் கொடுத்திருப்பார்கள். மற்றவற்றை நீங்களே படித்துக்கொள்ளலாம். திரை இழுப்பதும் விளக்குப் போடுவதும் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். இந்த ஒரு விதியைப் பற்றி மட்டும் நான் எழுத வேண்டியிருக்கிறது. என் பணிக்காலத்தில் அதைத் தெரிந்தே மீறிய ஒரே ஆள் நான்தான்.

அது எழுதப்பட்ட காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் அரங்கில் ஒரு சரித்திர நாடகம். அரசவைக் காட்சி. மனைவி வற்புறுத்தியதால் வந்திருந்த ஒரு மனிதர், பிறந்ததிலிருந்து நாடகமே பார்த்திராதவர், கழிப்பறையைத் தேடி இடதுபக்கக் கதவைத் திறந்தார். இருட்டில் நான்கு படி ஏறினார். வெளிச்சம் தெரிந்த பக்கம் நடந்தார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் வாங்கிய நாசி கண்டார் சோற்றுப் பொட்டலம் பிளாஸ்டிக் பையில் அவர் விரலில் தொங்கிக்கொண்டிருந்தது. சிம்மாசனத்தில் இருந்தவரைப் பார்த்து, "அண்ணே, டாய்லெட் எந்தப் பக்கம்?" என்றார்.

மன்னராக நடித்தவர் அனுபவஸ்தர். "மந்திரியாரே, அயல்நாட்டுத் தூதருக்கு வழி காட்டுங்கள்" என்றார்.

அந்த நாடகம் வாங்கிய கைதட்டலில் அதற்குத்தான் அதிகம். மறுநாளே விதி பதினேழை எழுதினேன். குழு அதை ஒரே கூட்டத்தில் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு அந்தக் குழு எதையும் ஒரே கூட்டத்தில் ஏற்று நான் பார்த்ததில்லை.

என் கடைசி ஆண்டுகளில் குழுவுக்கு ஒரு கவலை பிறந்தது. தமிழ் நாடகங்களுக்குப் பெண்கள் வருகிறார்கள். அவர்களை அழைத்து வரும் ஆண்கள் வெளியே காருக்குள் ஏர்கோன் போட்டுக்கொண்டு தூங்குகிறார்கள். அவர்களை எப்படி உள்ளே கொண்டுவருவது? மூன்று கூட்டங்கள் போட்டு ஒரு திட்டம் வகுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை மூன்று மணிக் காட்சி. முதல்முறை வரும் ஆண்களுக்கு ஓர் அட்டை. அதில் நான்கு கேள்விகள்: பெயர், விருப்பமான இருக்கை, மீண்டும் வருவீர்களா, வேறு கருத்து. பின்பக்கம் அரங்கின் முகவரியும் தபால்தலையும். வீட்டுக்குப் போய் யோசித்து எழுதி அனுப்பலாமாம். கார் கதவைத் திறக்க யோசிக்கிற மனிதன் தபால்பெட்டி வரை நடப்பான் என்று நம்பிய குழு அது. நான் எதிர்த்து ஒரு குறிப்பு எழுதினேன். கோப்பில் இருக்கும்.

ஆனால் அந்தத் திட்டத்தால் புதிய ஆண்களைப் பக்கத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. உங்களுக்கும் கிடைக்கும். ஒன்றரை மணி நேரம் முன்னதாக வருவார்கள், அல்லது திரை திறக்குமுன் அடிக்கும் மூன்றாவது மணியும் அடித்த பிறகு வருவார்கள். "எவ்வளோ நேரம் ஓடும்ணே?" என்பது முதல் கேள்வி. "இடைவேளையில வெளிய விடுவீங்கல்ல?" என்பது இரண்டாவது. டிக்கெட்டைக் கடைசிவரை கையிலேயே வைத்திருப்பார்கள், யாரோ வந்து பிடுங்கிவிடுவார்கள் என்பதுபோல. முதல் பத்து நிமிடம் மேடையைப் பார்க்க மாட்டார்கள், கதவுகளைப் பார்ப்பார்கள். மனைவி சிரித்து ஒரு நொடி கழித்துச் சிரிப்பார்கள். அவர்களை அவசரப்படுத்தாதீர்கள்.

நான் ஒருமுறை அவசரப்படுத்தினேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. சோகக் காட்சி ஒன்றில் ஒருவர் உரக்கச் சிரித்தார். நான் போய் அவர் முகத்தில் டார்ச் அடித்தேன். விதிப்படி சரி. அவர் எழுந்து போய்விட்டார். மனைவியும் பின்னாலேயே போனார். இருவரும் அதற்குப் பிறகு வரவில்லை. மேடையில் அழுத நடிகர் தன் மைத்துனரை உரித்து வைத்தமாதிரி இருந்ததால்தான் சிரித்தாராம். வெகுநாள் கழித்து யாரோ சொன்னார்கள். டார்ச் படிக்கட்டுக்கு. முகத்துக்கு அல்ல. இது விதிப்புத்தகத்தில் இல்லை.

இனி மணியத்துக்கு வருகிறேன்.

நம் அரங்கில் பயிற்சி செய்யும் நாடகக் குழுவில் தர்ஷினி என்று ஒரு பெண் இருந்தாள். வயது இருபத்தைந்து. பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் வேலை. வீடு கடலுக்கு அந்தப் பக்கம், புக்கிட் மெர்தாஜாமில். மூன்று வருடமாக நடித்துக்கொண்டிருந்தாள். அப்பாவிடம் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு வருவாள். அப்பா மணியம் லோரி ஓட்டுபவர். அந்த ஆண்டு தீபாவளிக்குப் பிறகு போட்ட நாடகத்தைக் கோலாலம்பூருக்கு அழைத்திருந்தார்கள். இரண்டு வாரம் அங்கே தங்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஓவர்டைம் என்று சொல்ல முடியாதல்லவா. உண்மையைச் சொல்லிவிட்டாள்.

காட்சிக்கு ஒரு மணி நேரம் முன்பு என் மேசைக்கு வந்தாள். பாதி முகத்தில் ஒப்பனை.

"அப்பா வர்றாரு சார். மூணு மணி ஷோவுக்கு. பார்த்துட்டுத்தான் சொல்வாராம்."

"என்ன சொல்வாரு?"

"நடிக்கலாமா வேணாமான்னு. அவரு வேணாம்னா நான் விட்டுடுவேன். சொல்லிட்டேன்."

"உனக்கு இருபத்தஞ்சு வயசாச்சு."

"அதனால என்ன சார்? மூணு வருஷமா முகத்தப் பார்த்துப் பொய் சொல்லியிருக்கேன். ஒரு தடவையாச்சும் அவரு சொல்றதக் கேக்கணும்லா."

"நாடகத்துல நீ செத்துப்போவன்னு சொன்னியா?"

அவள் கண்ணாடி பார்ப்பதுபோல் என் மேசைக் கண்ணாடியைப் பார்த்தாள். "காமெடி ரோல்னு சொல்லியிருக்கேன்."

முழுப் பொய் இல்லை. முதல் நாற்பது நிமிடம் அவள் வந்தாலே சிரிப்புத்தான். பிறகு செத்துவிடுவாள்.

இங்கே என் பங்கைச் சொல்ல வேண்டும். சாவு வீட்டுக் காட்சியின் ஒத்திகையை நான் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். இயக்குநர் இளைஞர். பிணத்தின் தலையை வடக்கே வைத்திருந்தார். எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாது. தலை தெற்கே இருக்க வேண்டும் என்றேன். நம் மேடையில் தெற்கு என்பது வலதுபக்கம். தலைமாட்டில் ஒற்றை விளக்கு வேண்டும் என்றேன். பேட்டரி பல்பு வைத்தார்கள், நெருப்புக்கு அனுமதி வாங்குவது தனிக் கதை. இரண்டு கால் கட்டைவிரலையும் வெள்ளைத் துணியால் சேர்த்துக் கட்ட வேண்டும், அதையும் மேடையிலேயே எல்லாரும் பார்க்கக் கட்ட வேண்டும் என்றேன். இயக்குநர் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு நன்றி சொன்னார். நாற்பது வருடம் முறைகளைக் கற்றவனுக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் வேறில்லை. ஒரு தகப்பன் அந்தக் கட்டைப் பார்ப்பான் என்று நான் நினைக்கவே இல்லை.

மணியம் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர். இஸ்திரி போட்ட சட்டை. மனைவிக்கு முட்டிவலி என்று தனியாக வந்திருந்தார். அட்டையைக் கொடுத்தபோது, "இதுல இப்பவே எழுதணுமா?" என்றார். பார்த்துவிட்டு எழுதலாம் என்றேன். நடைபாதை ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து, கதவுகளை எண்ணினார்.

நாற்பதாவது நிமிடம் உறுமி மேளம் தொடங்கியது. ஒரு நடிகை குனிந்து தர்ஷினியின் கால்விரல்களைக் கட்டினார். நான் முன்கூடத்தில் இருந்தேன். கதவு திறந்தது. மணியம் வெளியே வந்தார். தண்ணீர் வைத்திருந்த மூலைக்குப் போய் ஒரு காகிதக் குவளையை எடுத்தார். அது அவர் கையில் நசுங்கியது. இன்னொன்றை எடுத்தார்.

"உடம்புக்கு முடியலையா?" என்றேன்.

"அண்ணே, அவள எழுப்புங்க."

"இன்னும் ஏழு நிமிஷம்தான். அப்புறம் அவளே எந்திரிச்சிடுவா."

"ஏழு நிமிஷம் என்னால உள்ள உக்கார முடியாது. வெளிய நிக்கவும் முடியாது." குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். "விளையாட்டுக்குப் படுக்க வச்சாக்கூட பரவால்ல லா. காலக் கட்டுனது யாரு? அதையெல்லாம் எவன் சொல்லிக்கொடுத்தது?"

"நான்தான்" என்றேன்.

என்னைப் பார்த்தார். "உங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

"இல்ல."

"அதான்."

தம்பிகளே, இந்த இடத்தில்தான் நம் வேலை இருக்கிறது. மற்றதெல்லாம் கயிறும் சுவிட்சும். என்முன் மூன்று வழி இருந்தது. அவரை அப்படியே படியிறங்கிப் போக விடலாம். அந்தப் பெண் நடிப்பது அன்றோடு முடிந்தது. திரும்ப உள்ளே உட்கார வைக்கலாம். ஐந்தாவது நிமிடம் எழுந்து கத்துவார், அப்போதும் முடிந்தது. கத்தினால் விதி இருபத்திரண்டின்படி நான் நாடகத்தையே நிறுத்த வேண்டும். மூன்றாவது வழி விதி பதினேழு தடுத்த வழி. இடதுபக்கக் கதவு.

சாவிக்கொத்தை எடுத்தேன். "செருப்பக் கழட்டிட்டு வாங்க. ஃபோன நிறுத்துங்க. நான் சொல்ற இடத்துல நில்லுங்க. மேடைப் பக்கம் ஒரு அடி வச்சீங்கன்னா ரெண்டு பேருக்குமே இன்னிக்கு மானம் போயிடும்."

ஃபோனை நிறுத்தாமல் என் கையிலேயே கொடுத்துவிட்டார். அதை எப்படி நிறுத்துவது என்று இருட்டில் நான் தேடியது தனிப் பாடு.

பக்கத் திரைக்குப் பின்னால் நிறுத்தினேன். அங்கிருந்து பார்த்தால் தர்ஷினியின் உள்ளங்கால்கள் நேரெதிரே, பத்தடி தூரத்தில். பார்வையாளர்களுக்குக் கால் தெரியாது. விரலைக் கட்டிய நடிகை அந்த இடத்தை மறைத்து உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சு விடுவது அங்கிருந்து தெரியும், அது போதும் என்பதுதான் என் கணக்கு. ஆனால் நான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது.

பிணம் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. உறுமி ஒவ்வொரு தடவை விழும்போதும், கட்டிய இரண்டு கட்டைவிரலும் சேர்ந்து முன்னால் ஒரு தட்டு. கழுத்துக்கு மேலே அவள் செத்துப்போயிருந்தாள். கணுக்காலுக்குக் கீழே திருவிழாவில் இருந்தாள்.

மணியம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் காதருகே, "தைப்பூசத்துல இப்படித்தான்" என்றார். "தோள்ல தூக்கி வச்சிருப்பேன். உறுமி அடிச்சா ரெண்டு குதிகாலும் என் நெஞ்சுல தட்டும். வலிக்கும். எறங்கச் சொன்னா எறங்க மாட்டா."

நான் தலையை மட்டும் ஆட்டினேன். பக்கத் திரைக்குப் பின்னால் பேசக் கூடாது என்பதும் விதிதான்.

அடுத்து நடக்கப்போவதை நான் மறந்திருந்தேன். அந்தக் காட்சியின் முடிவில் நான்கு பேர் பாடையைத் தூக்கிக்கொண்டு இடதுபக்கமாகத்தான் வெளியேறுவார்கள். தூக்கினார்கள். நேராக எங்களை நோக்கி வந்தார்கள். ஒதுங்க இரண்டடி இடம்தான் இருந்தது. மணியத்தின் காலடியில் பாடையை இறக்கிவிட்டு நான்கு பேரும் மூச்சு வாங்கினார்கள். மேடையில் அண்ணனாக நடித்தவர் தனியாக நின்று பேசத் தொடங்கியிருந்தார். அதனால் இங்கே ஊசி விழுந்தாலும் கேட்கும்.

இந்த நாடகக் குழுவில் ஒரு பழக்கம் உண்டு. செத்தவராக நடித்தவர் பாடையிலிருந்து சும்மா எழக் கூடாது. சாமான்களைப் பார்த்துக்கொள்ளும் லெட்சுமி அக்கா உப்பும் காய்ந்த மிளகாயும் கையில் எடுத்து மூன்று சுற்றுச் சுற்றுவார். பிறகு செத்தவர் வாய் நிறையச் சிரித்துவிட்டுத்தான் எழ வேண்டும். மேடையில் பேச்சு நடப்பதால் சத்தமில்லாமல் சிரிக்க வேண்டும். விதிப்புத்தகத்தில் இல்லாத இந்த ஒன்றை அவர்கள் ஒருமுறைகூட மீறி நான் பார்த்ததில்லை.

மேடைக்குப் பின்னால் சுற்றிக்கொண்டு லெட்சுமி அக்கா வந்தார். பார்வையாளர் ஒருவர் நிற்பதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் ஆயுள் முழுவதும் பதில் சொல்லலாம். ஆனால் கை நிற்கவில்லை. மூன்று சுற்று. "சிரிச்சிட்டு எந்திரிம்மா" என்று கிசுகிசுத்தார்.

தர்ஷினி சிரிப்பதற்காக வாயைத் திறந்துகொண்டே கண்ணைத் திறந்தாள். மேலே அப்பா நின்றார்.

வாய் மூடிக்கொண்டது.

லெட்சுமி அக்கா மறுபடியும், "சிரிம்மா" என்றார். அவளுக்கு வரவில்லை. மணியம் குனிந்தார். கால்மாட்டில் உட்கார்ந்து துணியின் முடிச்சைப் பிரித்தார். லோரியில் பெரிய பெரிய முடிச்சுகளைப் பிரித்துப் பழகிய கை. இந்தச் சின்ன முடிச்சு அவருக்குச் சிரமமாக இருந்தது. பிரித்து முடித்ததும், "அக்கா சொல்றாங்கல்ல" என்றார். "சிரிச்சிடு."

பாஸ்போர்ட் படத்துக்கு இளிப்பதுபோல் பல்லைக் காட்டினாள். கண்ணீர் இரண்டு பக்கமும் காதுக்குள் ஓடியது.

"எப்படிப்பா இருந்துச்சு?" என்றாள், சத்தமே இல்லாமல்.

அவர் துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வந்த வழியே இறங்கினார்.

நான் அவர் ஃபோனையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். வாசற்படியில் பிடித்தேன். செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். "பாதி நாடகம் இன்னும் இருக்கு" என்றேன். "போதும்ணே" என்றார். ஃபோனைக் கொடுத்தேன். அட்டையை அவர் இருக்கையிலேயே விட்டிருப்பார் என்று நினைத்து, வேறோர் அட்டையையும் நீட்டினேன். நான் எதிர்த்துக் குறிப்பு எழுதிய அதே அட்டை. அவர் ஒரு நிமிடம் அதைப் பார்த்தார். "வீட்டுல போய் யோசிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டு படகுத்துறைப் பக்கம் நடந்தார்.

அன்று மாலை லெட்சுமி அக்கா சாமான் பட்டியலில் எழுதினார்: வெள்ளைத் துணி ஒன்று, காணவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே எழுதினார்.

மூன்று வேலை நாள்களுக்குள் நான் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். விதி பதினேழு மீறப்பட்டது, மீறியவன் நான், காரணம் இது. அதோடு ஒரு திருத்தமும் கேட்டிருந்தேன்: மேடையில் இறப்பவரின் பெற்றோர் விரும்பினால் இடதுபக்கக் கதவு திறக்கப்படலாம். மீறுவதென்றால் முதலில் விதியை மனப்பாடமாகத் தெரிந்துகொள்ளுங்கள்; மீறியபின் மற்றவர் எழுதுவதற்குமுன் நீங்களே எழுதிவிடுங்கள். நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். அந்தக் கடிதம் கிடைத்ததாகக் குழு ஒரு வரி எழுதியிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். நான் ஓய்வு பெற்று, பிரிவு உபசாரத்தில் அதே குழு எனக்கு மாலை போட்டு, சில வருடங்களும் ஆகிவிட்டன. இன்னும் பரிசீலனையில் இருக்கிறது போலும்.

தர்ஷினி அதற்குப் பிறகு ஒத்திகைக்கு வரவில்லை. சனிக்கிழமைகளில் மட்டும் என் மேசைக்கு வருவாள்.

"கார்டு வந்துச்சா சார்?"

"வரல. வீட்ல கேட்டுப் பாரேன்."

"ஒண்ணும் பேச மாட்டேங்குறாரு. சாப்பிடுறாரு, லோரிய எடுத்துட்டுப் போறாரு. கார்டு லோரியில, கண்ணாடிக்கு மேல சொருகி இருக்கு. நான் பார்த்தேன்."

"எழுதியிருக்கா?"

"பார்க்கல. அது எனக்கு எழுதுறது இல்லல்ல."

இயக்குநர் பொறுமையானவர்தான், ஆனால் கோலாலம்பூருக்கு நடிகர் பட்டியல் அனுப்ப வேண்டும். ஒத்திகையில் அவளுக்குப் பதிலாக ஒரு தலையணையைப் படுக்க வைத்திருந்தார். "சார், தைப்பூசம் முடியிற வாரம், வெள்ளிக்கிழம வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் வேற ஆளு" என்றார். தலையணையும் மோசமில்லை என்று லெட்சுமி அக்கா சொன்னார். ஆனால் அதற்கு அவர் உப்பு சுற்றவில்லை.

தைப்பூசமும் வந்தது. லிட்டில் இந்தியா கடைத்தெரு முழுக்க உறுமிச் சத்தம். என் மேசை வரைக்கும் கேட்டது.

பிறகு ஒரு நாள் தபாலில் அந்த அட்டை வந்தது. ஓரத்தில் திருநீற்றுத் தடம். பெயர்: மணியம். விருப்பமான இருக்கை: நின்ற இடம். மீண்டும் வருவீர்களா என்ற கேள்வியில் "ஆம்" என்பதைச் சுற்றி வட்டம். வேறு கருத்து என்ற கட்டத்தில் இடம் போதாமல் ஓரமெல்லாம் எழுதியிருந்தார்:

"துணியை ஃபெரியிலிருந்து கடலில் போட்டுவிட்டேன். மன்னிக்கவும். புதுசு நான் வாங்கி வருகிறேன். கோலாலம்பூரில் தினமும் கட்டு அவிழ்க்க நானே வருவேன். வேறு யாரும் அவிழ்க்கக் கூடாது. லோரி இருக்கிறது, சாமான்களையும் ஏற்றலாம். உறுமி வேகம் பிடிக்கும் இடத்தில் அவள் காலில் தாளம் விட்டுப்போகிறது. சொல்லவும்."

வந்த தபாலில் வந்த தேதியை முத்திரையாகக் குத்துவது அலுவலக முறை. குத்தினேன். தைப்பூசம் முடிந்து மூன்றாம் நாள், வியாழக்கிழமை. இயக்குநர் வைத்த கெடுவுக்கு இன்னும் ஒரு நாள் இருந்தது.